ஹை கிளிஃப் பூங்கா: ஏரிக்கரைப் பாறையைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துப் பக்கம் யாராவது விருந்தாளி வந்தால் நான் கூட்டிப்போகும் முதல் இடம் இதுதான். வின்னபேகோ ஏரியின் வடகிழக்குக் கரையில், ஷெர்வுட் என்ற சிற்றூரை ஒட்டி, காலுமெட் கவுண்டியில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன்.

இவ்வளவு தட்டையான ஊரில் திடீரென்று ஒரு பாறைச் சுவர் எப்படி வந்தது?

முதலில் எல்லோரும் நினைப்பது, நிலநடுக்கத்தில் பூமி பிளந்து ஒரு பக்கம் மேலே ஏறியிருக்கும் என்று. அப்படி இல்லை. இங்கே எதுவும் மேலே ஏறவில்லை, பக்கத்தில் இருந்தது தேய்ந்து போனது. அவ்வளவுதான்.

சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, சைலூரியன் காலத்தில், இந்த இடம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஒரு வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த கடலுக்கு அடியில் இருந்தது. பவளங்கள், சிப்பி போன்ற உயிர்கள், அவற்றின் ஓட்டுத் தூள் எல்லாம் படிந்து படிந்து கல்லானது. அதற்கு அடியில் அதைவிடப் பழைய களிமண் பாறை, அதாவது ஷேல். மேலே கெட்டிக் கல், கீழே மென்மையான ஷேல். ஷேல் சீக்கிரம் கரைந்து அரிபடும், மேலே இருக்கும் கல் தாங்கல் இல்லாமல் துண்டு துண்டாக உடைந்து விழும். அதனால் விளிம்பு எப்போதும் செங்குத்தாகவே நிற்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. மிச்சிகன் மாநிலத்தை நடுவாக வைத்து இந்தப் பாறை அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று வைத்த கிண்ணங்கள் மாதிரி குழிந்து கிடக்கின்றன. நாம் நிற்கும் இடம் அப்படியொரு கிண்ணத்தின் மேற்கு விளிம்பு. ஆகவே மேற்கே ஏரியைப் பார்த்த பக்கம் சுவர், கிழக்கே போகப் போக மெதுவான சரிவு. காரில் கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு மலை ஏறிய உணர்வே இருக்காது. சோள வயல் வழியாக வந்துகொண்டே இருப்பார்கள், பூங்காவுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் காலடியில் ஏரி விரியும்.

நயாகரா அருவிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்த விளிம்பின் பெயரே நயாகரா செங்குத்துச் சரிவு. உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக 'லெட்ஜ்' என்பார்கள். கிழக்கு விஸ்கான்சினில் தொடங்கி, டோர் தீபகற்பம் வழியாக மிச்சிகனின் வடபகுதி, கனடாவின் மானிட்டூலின் தீவு, புரூஸ் தீபகற்பம் என்று வளைந்து போய் நியூயார்க் மாநிலம் வரை, 1,000 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம். நயாகரா ஆறு இதே விளிம்பின் மேலிருந்து குதிப்பதால்தான் அங்கே அருவி. இங்கே குதிக்க ஆறு இல்லை, ஏரி மட்டும்தான்.

இது சுண்ணாம்புக் கல்தானா?

பேச்சுவழக்கில் ஆமாம். கறாராகச் சொன்னால் டோலமைட். கால்சியத்தோடு மக்னீசியமும் சேர்ந்த கல். சுத்தமான சுண்ணாம்புக் கல்லில் ஒரு சொட்டு அமிலம் விட்டால் பொங்கி நுரைக்கும், டோலமைட் சோம்பேறித்தனமாகத்தான் குமிழி விடும். தண்ணீரில் கரையும் வேகமும் குறைவு, அதனால்தான் இத்தனை காலம் சுவராக நிற்கிறது. பூங்காவின் பலகைகளிலேயே சுண்ணாம்புக் கல் என்ற பொருளில்தான் எழுதுவார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன், கல்லியல் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஏரி எப்படி உருவானது? ஏன் இவ்வளவு பெரிதாக இருந்தும் ஆழமில்லை?

பனிப்பாறையின் வேலை. கடைசிப் பனியுகத்தில் வடகிழக்கிலிருந்து இறங்கிய பனிப்படலத்தின் ஒரு நாக்கு, இந்த விளிம்புக்கு மேற்கே இருந்த ஷேல் பள்ளத்தாக்கைச் சுரண்டிக்கொண்டு போனது. பனி பின்வாங்கியபோது உருகிய தண்ணீர் வடக்கே போக வழியில்லாமல் தேங்கி ஒரு மாபெரும் ஏரியானது. அதைப் பனிக்கால ஓஷ்காஷ் ஏரி என்கிறார்கள். அதன் மிச்சம்தான் வின்னபேகோ.

நீளம் சுமார் 48 கிலோமீட்டர், அகலம் 16 கிலோமீட்டர். ஆனால் மிக ஆழமான இடத்திலேயே 21 அடிதான். முழுக்க விஸ்கான்சினுக்குள்ளேயே இருக்கும் ஏரிகளில் இதுதான் பெரியது. ஆழம் குறைவென்பதால் கோடையில் சீக்கிரம் சூடாகும், வயல்களிலிருந்து வழிந்து வரும் உரச்சத்தும் சேர்ந்தால் ஆகஸ்டில் தண்ணீர் பட்டாணிச் சாறு மாதிரி பச்சையாகிவிடும். நீந்தும் ஆசையோடு வருகிறவர்கள் ஜூனிலேயே வந்துவிடுவது நல்லது. காற்று அடித்தால் அலையும் பொல்லாதது, சின்னப் படகுக்காரர்கள் கவனமாக இருப்பார்கள். வசந்தத்தில் பனிக்கட்டி உடையும்போது காற்று அந்தக் கட்டிகளைக் கரையில் தள்ளிக் குவிக்கும். ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கரையோர வீடுகளின் படிக்கட்டுகளை நொறுக்கியதும் உண்டு.

பூங்காவில் என்னென்ன வாழிடங்கள் இருக்கின்றன?

மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே பார்ப்போம். ஏரியிலிருந்து மேல்விளிம்புக்கு ஏறத்தாழ 200 அடிதான் உயரம், அதற்குள் நாலைந்து வேறு வேறு உலகங்கள்.

உச்சியில் சுகர் மேப்பிள், பாஸ்வுட், ஓக், ஹிக்கரி மரங்கள் அடர்ந்த காடு. மே மாதத் தொடக்கத்தில், மேலே இலை மூடி நிழல் விழுவதற்கு முன், தரையெல்லாம் டிரில்லியம் என்ற வெள்ளை மூவிதழ்ப் பூக்கள். இந்தப் பூவை யாரும் பறிக்க விடாதீர்கள். விதையிலிருந்து முளைத்துப் பூப்பதற்கு ஏழெட்டு வருடம்கூட ஆகும். விதையைச் சுமந்துபோய்ப் பரப்புவது எறும்புகள், அதனால் அது இடம் பிடிப்பதும் எறும்பு வேகத்தில்தான்.

ஆஷ் என்ற வகை மரங்கள் இந்தக் காட்டில் நிறைய இருந்தவை. மரகதப் பச்சை நிறத்தில் ஒரு வண்டு, ஆசியாவிலிருந்து வந்து 2002-இல் மிச்சிகனிலும் 2008-இல் விஸ்கான்சினிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் நெளிநெளியாகக் குடைந்து மரத்துக்குச் சத்து போகும் வழியை அறுத்துவிடும். கிழக்கு விஸ்கான்சின் முழுக்க ஆஷ் மரங்கள் நின்றபடியே பட்டுக்கொண்டிருக்கின்றன. காட்டுக்குள் திடீரென வெளிச்சம் பாயும் இடைவெளிகளைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

அடுத்தது சுவர். பூங்காவிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பெரும்பாலானவர்கள் செல்ஃபி எடுத்துவிட்டுக் கடந்துபோகும் பகுதியும் அதுவே. பாறை இடுக்குகளில் மண் என்று சொல்ல ஒரு பிடிகூட இருக்காது. அங்கேதான் வெள்ளை சீடார் வேர் பிடித்து நிற்கும். இதே விளிம்பின் கனடியப் பகுதியில், பாறை முகத்தில் வளைந்து நெளிந்து வளர்ந்த சீடார்களின் வளையங்களை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள் ஆயிரம் வயதுக்கு மேற்பட்ட மரங்களைக் கண்டிருக்கிறார்கள். தொடையளவு தடிமன்கூட இருக்காது. தீயும் எட்டாது, கோடரியும் எட்டாது, ஆகவே பிழைத்தது. ஏழை மரம் என்று நினைத்து யாரும் கண்டுகொள்ளவில்லை.

சுவரில் பெரணிகளும் உண்டு. ஒரு வகைப் பெரணி இலையின் அடியில் மிளகளவு பச்சைக் குமிழ்களை வைத்திருக்கும். அவை உதிர்ந்து விழுந்த இடுக்கில் புதுச் செடியாகும். விதை, வித்து என்று காத்திருக்கும் வேலையே இல்லை.

சுவருக்குக் கீழே உடைந்து விழுந்த பாறைகளின் குவியல். இந்தக் கற்களுக்கு நடுவே கையை நீட்டிப் பாருங்கள் (பாம்பு பயம் வேண்டாம், ஆனாலும் பார்த்து நீட்டுங்கள்). ஜூலை வெயிலிலும் உள்ளேயிருந்து சிலுசிலுவென்று குளிர்ந்த காற்று வரும். ஆழமான பிளவுகளுக்குள் தேங்கிய குளிர் மெல்ல மெல்லக் கசிகிறது. விஸ்கான்சினின் இந்த விளிம்பு நெடுகிலும் இப்படிப்பட்ட ஈரமும் குளிருமான இடுக்குகளில் மிக அரிதான நிலநத்தைகள் வாழ்கின்றன. சில வகைகள் முழு வளர்ச்சியிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், கடுகோடு கலந்து வைத்தால் பிரிக்க முடியாது. பனியுகக் காலத்தில் எங்கும் பரவியிருந்தவை, சூடு ஏறியதும் இந்தக் குளிர்ச்சந்துகளில் ஒதுங்கிவிட்டன. ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்தும் கல்லிலிருந்தே கிடைக்கிறது. ஒருவர் பாதையை விட்டு இறங்கி ஒரு கல்லைப் புரட்டினால் பத்தாயிரம் வருடக் குடும்பத்தின் கூரையைப் பிரித்த மாதிரி. இந்தப் பகுதி மாநில இயற்கைப் பாதுகாப்புப் பகுதியாகத் தனியே அறிவிக்கப்பட்டிருக்கிறது.

அதற்கும் கீழே கரையோரம். பெலிக்கன், நீர்க்காகம், வாத்து என்று ஏரிப் பறவைகள். பாறை விளிம்பில் மோதி எழும் காற்றில் கழுகுகள் இறக்கையே அசைக்காமல் வட்டமிடும்.

மே மாதத்தில் வந்தோம், கார் முழுக்கப் பூச்சி. அது என்ன?

ஏரி ஈ. கொசு போலவே இருக்கும், கடிக்காது. கடிக்க வாயே சரியாகக் கிடையாது. ஏரிச் சேற்றில் சிவப்புப் புழுவாக ஏறக்குறைய ஒரு வருடம் வாழ்ந்துவிட்டு, மே மாதத்தில் கூட்டமாக மேலே வந்து, இணைசேர்ந்து, சில நாட்களில் செத்துவிடும். சாயங்காலம் மரங்களுக்கு மேல் புகைத்தூண் எழுவது போலத் தெரியும், பக்கத்தில் போனால் ம்ம்ம் என்று ஒரு ரீங்காரம். வெள்ளைச் சுவர், வெள்ளைக் கார் என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

திட்டுவதற்கு முன் ஒன்று. அந்தச் சிவப்புப் புழுதான் ஏரி ஸ்டர்ஜன் மீனின் முக்கியமான தீனி. உலகிலேயே ஏரி ஸ்டர்ஜன்கள் மிக அதிகமாக வாழும் நீர்நிலைகளில் வின்னபேகோவும் அதோடு சேர்ந்த ஆறுகளும் ஒன்று. பெண் மீன் முட்டையிடும் வயதுக்கு வரவே இருபது, இருபத்தைந்து வருடம் ஆகும். நூறு வயதைத் தாண்டுவதும் உண்டு. பிப்ரவரியில் உறைந்த ஏரிமேல் சின்ன இருட்டுக் குடிசைகளை இழுத்து வைத்து, பனியில் சதுரமாக ஓட்டை போட்டு, கீழே நகரும் நிழலுக்காக மணிக்கணக்கில் காத்திருந்து ஈட்டியால் குத்துவார்கள். எத்தனை மீன் பிடிக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு, அதை எட்டியதும் அந்த வருடத்து வேட்டையை மூடிவிடுவார்கள். 2010-இல் பிடிபட்ட ஒரு மீன் 212 பவுண்டுக்கு மேல், அதாவது 96 கிலோ. சிலர் பத்து வருடம் உட்கார்ந்தும் ஒன்றைக்கூடப் பார்க்காமல் அடுத்த வருடமும் போவார்கள். எனக்கு அந்தப் பொறுமை வராது.

மேலே காட்டுக்குள் இருக்கும் மண்மேடுகள் யார் கட்டியவை?

ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன்பு இங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்கள். விலங்கு உருவ மண்மேடுகள் அமெரிக்காவிலேயே விஸ்கான்சினிலும் அதைச் சுற்றியும்தான் அதிகம். மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருந்தவை, பெரும்பாலானவை ஏர் ஓட்டியும் சாலை போட்டும் ஊர் கட்டியும் போய்விட்டன. இங்கே மிஞ்சியவற்றில் கூம்பு வடிவ மேடுகள், நீளமான மேடுகள், அப்புறம் நீண்ட வாலுள்ள ஒரு வகை உருவம். அதைச் சிறுத்தை என்று பலகையில் படித்துவிட்டு, 'இங்கே ஏது சிறுத்தை' என்று கேட்பவர்கள் உண்டு. அது காட்டு மிருகம் இல்லை. தண்ணீருக்கு அடியில் வாழ்வதாக நம்பப்பட்ட ஆவி, நீர்ச்சிறுத்தை. ஏரியைப் பார்த்த உச்சியில் அதை வைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

உயரம் அதிகமில்லை, இடுப்பளவுகூட வராது. கூடை கூடையாக மண் சுமந்து கொட்டி உருவாக்கியவை. இலை மூடிய கோடையில் பார்த்தால் சாதாரண மேடு மாதிரிதான் தெரியும். இலை உதிர்ந்த நவம்பரில், தாழ்ந்த வெயிலில் நிழல் விழும்போதுதான் வடிவம் பிடிபடும். இத்தகைய மேடுகள் பல புதைகுழிகள். மாநிலச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. மேலே ஏறி நடக்காதீர்கள், பிள்ளைகளையும் ஏற விடாதீர்கள்.

வின்னபேகோ என்பது இந்த மக்களின் பெயரா?

அவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்ட பெயர் அது இல்லை. பக்கத்து இனத்தார் வைத்த பெயர், 'நாற்றத் தண்ணீர்க்காரர்கள்' என்பது போலப் பொருள் வரும். ஆகஸ்டில் ஏரியைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அவர்கள் தங்களை ஹோ-சங்க் என்கிறார்கள், விஸ்கான்சினில் இருக்கும் அவர்களது அரசு 1994-இல் அந்தப் பெயரையே அதிகாரப்பூர்வமாக்கியது. ஏரி மட்டும் பழைய பெயரிலேயே கிடக்கிறது.

பூங்காவில் நிற்கும் வெண்கலச் சிலை ரெட் பேர்ட் என்ற ஹோ-சங்க் தலைவருடையது. 1827-இல் ஈயச் சுரங்கக்காரர்கள் ஹோ-சங்க் நிலத்துக்குள் கூட்டமாகப் புகுந்தார்கள், ஹோ-சங்க் ஆட்களை ராணுவம் கொன்றுவிட்டதாக ஒரு வதந்தியும் பரவியது. அதற்குப் பழிவாங்க மிசிசிப்பிக் கரையில் பிரேரி டு ஷீன் அருகே ரெட் பேர்ட் ஒரு குடியேறிக் குடும்பத்தைத் தாக்கினார். ராணுவம் திரண்டது. தன் மக்கள்மேல் போர் வரக்கூடாதென்று தானே போய்ச் சரணடைந்தார், அடுத்த வருடம் சிறையிலேயே இறந்தார். இந்தச் சம்பவங்கள் நடந்ததெல்லாம் மாநிலத்தின் மறுகோடியில். சிலை ஏன் இங்கே என்றால், பார்வையான இடம் என்பதைத் தவிர எனக்குப் பெரிய காரணம் தெரியவில்லை.

இந்தக் கரையோடு நேரடியாகச் சேர்ந்த வேறொரு கதை யாரும் கேட்பதில்லை, நானாகவே சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து தெற்கே ஸ்டாக்பிரிட்ஜ், பிரதர்டவுன் என்று இரண்டு ஊர்கள். கிழக்கு மாநிலங்களிலிருந்து தள்ளப்பட்டுவந்த பூர்வகுடி மக்கள் 1830-களில் குடியேறிய இடங்கள். மறுபடியும் மேற்கே துரத்தப்படாமல் இருக்க, நிலத்தைத் தனித்தனிப் பட்டாவாக மாற்றி அமெரிக்கக் குடியுரிமை கேட்டு 1839-இல் வாங்கினார்கள் பிரதர்டவுன் மக்கள். நிலத்தைக் காப்பாற்றச் செய்தது. ஆனால் குடியுரிமை வாங்கியதையே காரணம் காட்டி, அவர்கள் இனிமேல் தனி இனம் இல்லை என்றது அரசு. அந்த அங்கீகாரத்துக்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கீழே இடிந்து கிடக்கும் கோபுரங்கள் கோட்டையா?

சுண்ணாம்புக் காளவாய். தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் ஆட்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும், அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். நம்மூரில் கிளிஞ்சலைச் சுட்டார்கள், இங்கே பாறையையே சுட்டார்கள்.

மேலே குவாரியில் வெடி வைத்துக் கல்லை உடைப்பார்கள். காளவாயின் மேல் வாயில் அதைக் கொட்டி, பக்க அடுப்புகளில் தீ மூட்டுவார்கள். 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால் கல்லிலிருக்கும் கரியமில வாயு பிரிந்து போய்விடும். கல்லின் எடையில் கிட்டத்தட்டப் பாதி காற்றோடு போகும். மிஞ்சிய சுட்ட சுண்ணாம்பை அடிவாயில் எடுத்துக் குளிர வைப்பார்கள். காரை, பூச்சு, வயலுக்கு உரம் என்று அதற்குப் பல உபயோகம். ஈரம் பட்டால் தானே கொதித்து நீறும் என்பதால், மரப் பீப்பாயில் அடைத்த சரக்கு வழியில் நனைந்தால் தீப்பிடிக்கும் அபாயமே உண்டு.

வெஸ்டர்ன் லைம் அண்ட் சிமெண்ட் என்ற நிறுவனம் 1895 முதல் 1956 வரை இங்கே வேலை செய்தது. தொழிலாளர் வீடுகள், கடை, தபால் நிலையம் என்று ஒரு குட்டி ஊரே இருந்தது. அந்தப் பழைய கடைக் கட்டடம் மட்டும் இன்னும் நிற்கிறது, அருங்காட்சியகமாக. நிறுவனம் மூட்டை கட்டியதும் மாநில அரசு நிலத்தை வாங்கிப் பூங்காவாக்கியது.

என் அபிப்பிராயத்தில் பூங்காவிலேயே முக்கியமான இடம் இந்த இடிபாடுதான். மேலே காட்டைப் பார்த்து 'ஆதிகாலத்திலிருந்து இப்படியே இருக்கிறது' என்று பெருமூச்சு விடுகிறவர்களை இங்கே கொண்டுவந்து நிறுத்துவேன். எழுபது வருடத்துக்கு முன் இங்கே புகையும் தூசும் வெடிச்சத்தமும்தான். குவாரித் தரையில் இப்போது நிற்கும் மரங்களெல்லாம் அதற்கப்புறம் வந்தவை. தோண்டிய இடத்தில் மண் இல்லை, அதனால் அங்கே மரம் குட்டையாகவும் இடைவெளி விட்டும் வளர்கிறது. பக்கத்திலேயே வெட்டாத சுவரில் பழைய சீடார். இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

கல்லில் புதைபடிவம் இருந்தால் எடுத்துவரலாமா?

கூடாது. பவள வடிவங்களைத் தேடிப் பாருங்கள், போட்டோ எடுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள்.

எப்போது போகலாம், எதைத் தவறவிடக்கூடாது?

பூவுக்கு மே முதல் பாதி, இலை நிறத்துக்கு அக்டோபர் நடு. சாயங்காலமாகப் போங்கள். சுவர் மேற்கே பார்த்து நிற்பதால் சூரியன் ஏரிக்குள் இறங்குவது முழுசாகத் தெரியும். பார்வைக் கோபுரம் 40 அடி, ஏறினால் வடமேற்கே ஆப்பிள்டன் பக்கத்து ஊர்கள்வரை தெரியும். நடக்க ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் காளவாய் வழியாகப் போகும் லைம் கில்ன் பாதை. காருக்கு மாநிலப் பூங்கா ஸ்டிக்கர் வாங்க வேண்டும்.

குழந்தைகளோடு போவதில் ஆபத்து உண்டா?

விளிம்பில் பல இடங்களில் தடுப்பு கிடையாது, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோடையில் திரும்பியதும் காலுறைக்குள், முழங்காலுக்குப் பின்னால், கழுத்தில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பாதையோரம் மூன்று மூன்றாக இலை விட்ட பளபளப்பான செடியைத் தொட்டால் ஒரு வாரம் சொறிய வேண்டியதுதான், அதற்கு இங்கே பாய்சன் ஐவி என்று பெயர். என் வீட்டுக்கு வந்த ஒருவர் அதைக் கறிவேப்பிலைக் கன்று மாதிரி இருக்கிறதே என்று கிள்ளி மோந்து பார்த்தார். மூக்கு தக்காளி மாதிரி ஆகிவிட்டது.